ரோட்ஸ் தீவின் அமைதித் தூதர்

போரைத் தொடங்க ஒரு தரப்பினரின் முடிவு போதும். அதனை நிறுத்துவதற்கோ இரு தரப்பினரும் இசைதல் வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் காணவும் விரும்பாத பகைவரை ஒரே மேசையின் முன் அமர்த்தி, ஒரே தாளில் கையொப்பமிடச் செய்தல் எளிய செயலன்று. 1949ஆம் ஆண்டில் இஸ்ரேலுக்கும் அதனைச் சூழ்ந்த அரபு நாடுகளுக்கும் இடையே அத்தகைய அரும்பணியை ஆற்றியவர் ரால்ஃப் பஞ்ச். அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே ஆவார்.

இளமையும் கல்வியும்

ரால்ஃப் ஜான்சன் பஞ்ச் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை முடிதிருத்தும் தொழில் செய்துவந்தார். குடும்பத்தில் வறுமையும் நோயும் நிறைந்திருந்தன. தாயின் உடல்நலம் கருதிக் குடும்பத்தினர் வறண்ட காற்று வீசும் ஆல்புகர்க்கி நகருக்குக் குடிபெயர்ந்தனர். எனினும் 1917ஆம் ஆண்டில் தாய் மறைந்தார். தந்தையின் துணையும் இல்லாது போயிற்று. அதன்பின் சிறுவனை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பைத் தாய்வழிப் பாட்டி லூசி ஜான்சன் ஏற்றார்.

அப்பாட்டி அடிமைத்தளையில் பிறந்தவர், உருவத்தில் சிறியவர், உள்ளத்தில் உறுதி மிக்கவர். பேரப்பிள்ளைகளை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அழைத்துச் சென்று அங்கே படிக்கவைத்தார். எவரிடமும் வெறுப்புக் கொள்ளாதிருத்தல், எவர் முன்னும் தலைகுனியாதிருத்தல் ஆகிய இரு பண்புகளையும் அவர் பேரனுக்கு ஊட்டினார். பிற்காலத்தில் நாடுகளின் தலைவர்களோடு பழகிய காலத்தும் பஞ்ச் தம் பாட்டியின் அறிவுரைகளையே வழிகாட்டியாகக் கொண்டிருந்தார்.

பஞ்ச் செய்தித்தாள் விற்றார், வீட்டுவேலை செய்தார், தரைவிரிப்பு பரப்பும் நிறுவனத்தில் உழைத்தார். பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். ஆயினும் நகரின் சிறந்த மாணவர்களுக்கான மன்றத்தில், நிறத்தைக் காரணமாகக் கொண்டு, அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அந்த அவமதிப்பு அவரது நெஞ்சில் ஆழப் பதிந்தது. ஆனால் படிப்பைத் தடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்துக்கொண்டே பயின்றார். கூடைப்பந்தாட்டத்திலும் சிறந்து விளங்கினார். 1927ஆம் ஆண்டில் உயர்சிறப்புடன் பட்டம் பெற்றார்.

புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகம் மேற்படிப்புக்கு உதவித்தொகை அளிக்க முன்வந்தது. ஆனால் அத்தொலைவிடத்திற்குச் சென்று வாழப் பணம் வேண்டுமே! லாஸ் ஏஞ்சல்சில் வாழ்ந்த கறுப்பின மக்கள் தம் சிறு வருவாயிலிருந்து 1000 டாலர் திரட்டிக் கொடுத்து அவரை வழியனுப்பினர். அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1934ஆம் ஆண்டில் ஹார்வர்டில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் பணியாற்றினார். ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் நடத்திய ஆட்சியை நேரில் சென்று ஆராய்ந்தார். ஆளப்படும் மக்களின் மனநிலையை அறியும் திறன் இவ்வாராய்ச்சியால் அவருக்கு வாய்த்தது.

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் ஐக்கிய நாடுகள் அவை உருவாயிற்று. அதன் சாசனத்தில், தன்னாட்சி பெறாத மக்களைப் பற்றிய பகுதிகளை வகுத்தவர்களுள் பஞ்ச்சும் ஒருவர். 1946ஆம் ஆண்டில் அவ்வவையின் பணியில் சேர்ந்தார். பின்னர் வாழ்நாளின் இறுதிவரை அப்பணியிலேயே நிலைத்திருந்தார்.

பாலஸ்தீனச் சிக்கல்

முதல் உலகப்போருக்குப் பின் பாலஸ்தீனம் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த அரபு மக்கள் விடுதலை பெற்ற தம் நாட்டை எதிர்நோக்கினர். ஐரோப்பாவில் கொடிய இன ஒடுக்குமுறைக்கு ஆளான யூத மக்கள் அந்நிலத்தில் தமக்கென ஒரு நாட்டை நாடினர். இரு தரப்பினரின் வேட்கையும் ஒரே நிலத்தைப் பற்றியதாக இருந்தது. கலவரங்கள் பெருகின. சிக்கலைத் தீர்க்க இயலாத பிரிட்டன் 1947ஆம் ஆண்டில் அதனை ஐ.நா. அவையின் முன் வைத்தது.

அவை 11 நாடுகளைக் கொண்ட குழுவொன்றை அமைத்தது. இந்தியாவும் அக்குழுவில் இடம்பெற்றது. குழுவுக்குத் துணைசெய்யப் பஞ்ச் அனுப்பப்பட்டார். உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு தோன்றியது. நிலத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றனர் பெரும்பான்மையினர். பிரிவினையின்றி ஒரே கூட்டாட்சியாக அமைக்க வேண்டும் என்றன இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்று நாடுகள். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இவ்விரு திட்டங்களையும் எழுத்தில் வடிக்கும் பொறுப்பு பஞ்ச்சுக்கே வாய்த்தது. ஒவ்வொரு தரப்பின் நியாயத்தையும் அத்தரப்பினரே ஏற்கும் வகையில் எடுத்துரைக்க வல்லவர் அவர் என்பது அப்போதே புலனாயிற்று.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொது அவை பிரிவினைத் திட்டத்தை ஏற்றது. ஆதரவாக 33 நாடுகளும் எதிராக 13 நாடுகளும் வாக்களித்தன. 10 நாடுகள் வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. எதிர்த்து வாக்களித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அரபு மக்கள் அத்திட்டத்தை ஏற்க மறுத்தனர். 1948 மே 14 அன்று இஸ்ரேல் என்னும் நாடு அறிவிக்கப்பட்டது. மறுநாளே அண்டை அரபு நாடுகளின் படைகள் போரில் இறங்கின.

சமரசத் தூதரின் மறைவு

போரை நிறுத்தும் பொருட்டு ஸ்வீடன் நாட்டு அரச குடும்பத்தைச் சார்ந்த ஃபோல்க்கே பெர்னடோட் என்பாரை ஐ.நா. அவை சமரசத் தூதராக அமர்த்தியது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து பல்லாயிரவரை மீட்டவர் அவர். பஞ்ச் அவருக்கு வலக்கையாக விளங்கினார். அவர்களது முயற்சியால் ஜூன் 11 அன்று நான்கு வாரச் சண்டைநிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. அது முடிந்ததும் போர் மீண்டும் மூண்டது. ஜூலையில் மீண்டும் நிறுத்தப்பட்டது. இருவரும் தலைநகர்தோறும் பறந்து சென்று பேச்சு நடத்தினர்.

1948 செப்டம்பர் 17 அன்று எருசலேம் நகரில் பெர்னடோட் சென்ற வாகனத்தை ஆயுதம் தாங்கிய யூதத் தீவிரவாதிகள் வழிமறித்துச் சுட்டனர். பெர்னடோட்டும், அருகில் அமர்ந்திருந்த பிரெஞ்சுப் படை அலுவலர் ஆந்த்ரே செரோவும் உயிரிழந்தனர். அவ்விருக்கை பஞ்ச்சுக்கு உரியது. வழியில் நேர்ந்த தாமதத்தால் அவர் உரிய நேரத்தில் வந்துசேரவில்லை. அத்தாமதமே அவர் உயிரைக் காத்தது.

உற்ற தலைவரை இழந்த துயரம் ஒருபுறம். தம் உயிருக்கும் காப்பில்லை என்னும் அச்சம் மறுபுறம். அந்நிலையில் பெர்னடோட்டின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்குமாறு ஐ.நா. அவை பஞ்ச்சைப் பணித்தது. அவர் பின்வாங்கவில்லை. கொலையுண்ட தலைவரின் பணியைக் கைவிட்டால் துப்பாக்கியே வென்றதாகிவிடும் என்பதை உணர்ந்து அப்பொறுப்பை ஏற்றார்.

ரோட்ஸ் தீவில்

போர் மீண்டும் மூண்டு தணிந்தது. அரபு நாடுகளுள் பெரிய படையுடைய எகிப்து முதலில் பேச்சுக்கு இசைந்தது. 1949 ஜனவரி 13 அன்று கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவில், ரோஜா விடுதி எனப் பொருள்படும் பெயர்கொண்ட ஒரு விடுதியில் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஒரே விடுதியில் தங்கியிருந்தும் இரு நாட்டுக் குழுவினரும் தொடக்கத்தில் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேச முன்வரவில்லை. பஞ்ச் ஒரு தளத்திற்கும் மற்றொரு தளத்திற்கும் மாறிமாறிச் சென்று ஒருவர் சொல்லை மற்றவரிடம் சேர்த்தார்.

அவரது அணுகுமுறை எளிமையானது, ஆயினும் ஆழமானது. பெரிய சிக்கல்களை அவர் முதலில் எடுக்கவில்லை. எவற்றைப் பற்றிப் பேசுவது என்னும் நிரலைப் பற்றியே முதலில் பேசச் செய்தார். போர் நடத்துவதில்லை என்னும் பொதுவான உறுதிமொழியை அடுத்து எடுத்தார். சிறு செய்தி ஒன்றில் உடன்பாடு தோன்றினாலும் அதனை உடனே எழுதி இரு தரப்பின் ஒப்புதலையும் பெற்றார். ஒரே அறையில் கூடுவதும் ஒரே தாளில் ஒப்பமிடுவதும் அவர்களுக்குப் பழக்கமாக வேண்டும் என்பதே அவரது நோக்கம். சிறியவற்றில் இணங்கிப் பழகியவர்க்குப் பெரியவற்றில் இணங்குவது அரிதாகத் தோன்றாது என அவர் நம்பினார்.

பேச்சு முறிந்துவிடும் என்னும் நிலை பலமுறை தோன்றியது. அவற்றுள் ஃபலூஜா சிக்கல் முதன்மையானது. நெகேவ் பகுதியிலுள்ள ஃபலூஜாவில் ஏறத்தாழ 4000 எகிப்திய வீரர்கள் இஸ்ரேல் படையின் முற்றுகைக்குள் சிக்கியிருந்தனர். பின்னாளில் எகிப்தின் குடியரசுத் தலைவராக விளங்கிய கமால் அப்துல் நாசரும் அவர்களுள் ஒருவர். அவ்வீரர்கள் மானத்தோடு தாயகம் திரும்பாமல் எவ்வுடன்படிக்கையும் இல்லை என்றது எகிப்து. எல்லைக்கோடு முடிவாகாமல் முற்றுகையை நீக்க இயலாது என்றது இஸ்ரேல். இரு தரப்பினரும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு புறப்படவும் எண்ணினர்.

பஞ்ச் ஓய்வின்றி உழைத்தார். நாள்தோறும் நள்ளிரவு கடந்தும் வரைவுகளை எழுதினார். ஒரு சொல் புண்படுத்துமாயின் அதனை நீக்கி வேறு சொல் தேடினார். எவருக்கும் பொய்யான உறுதி அளிக்கவில்லை. ஒருவரிடம் ஒன்றும் மற்றவரிடம் வேறொன்றும் கூறவில்லை. மாலை வேளைகளில் பிரதிநிதிகளோடு பில்லியர்ட்ஸ் ஆடினார். நகைச்சுவையால் இறுக்கத்தைத் தளர்த்தினார். பேச்சுவார்த்தையின் நினைவாக ரோட்ஸ் தீவின் அழகிய பீங்கான் தட்டுகளை அவர் முன்னரே செய்வித்து வைத்திருந்தார். பேச்சு வெற்றி பெற்றால் ஆளுக்கொரு தட்டு பரிசு என்றும், தோற்றால் அத்தட்டுகளை அவர்கள் தலையிலேயே உடைக்கப் போவதாகவும் அவர் வேடிக்கையாகக் கூறியதாக ஒரு செய்தி உண்டு.

ஆறு வாரங்கள் கடந்தன. 1949 பிப்ரவரி 24 அன்று எகிப்தும் இஸ்ரேலும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஃபலூஜாவில் சிக்கிய வீரர்கள் ஐ.நா. பார்வையாளர்களின் மேற்பார்வையில் வெளியேறித் தாயகம் திரும்பினர். இருபுறமும் எத்தனையோ தாய்மார்களின் ஏக்கம் தீர்ந்தது.

எகிப்து திறந்த வழியில் பிற நாடுகளும் வந்தன. லெபனான் மார்ச் 23 அன்றும், ஜோர்டான் ஏப்ரல் 3 அன்றும், சிரியா ஜூலை 20 அன்றும் இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. ஐந்து திங்களுக்குள் நான்கு உடன்படிக்கைகள் நிறைவேறின.

உடன்படிக்கையின் பயனும் எல்லையும்

இவ்வுடன்படிக்கைகள் போரை நிறுத்தின; ஆனால் முழுமையான அமைதியைத் தரவில்லை. அவற்றில் குறிக்கப்பட்ட கோடுகள் படைகள் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டுவனவேயன்றி நாட்டின் எல்லைகள் அல்ல என்று எகிப்துடன் செய்த உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. வரைபடத்தில் பச்சை மையால் வரையப்பட்டமையால் அவை பச்சைக்கோடு எனப் பெயர் பெற்றன.

போரினால் ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடுவாசல் இழந்து ஏதிலிகள் ஆயினர். ரோட்ஸ் மேசையில் நாடுகளின் படைத்தலைவர்கள் அமர்ந்திருந்தனர். வீடிழந்த அம்மக்களுக்கோ தனி இருக்கை இல்லை. திட்டமிடப்பட்ட அரபு நாடும் உருவாகவில்லை. காசாப் பகுதி எகிப்தின் கட்டுப்பாட்டிலும், ஜோர்டான் ஆற்றின் மேற்குக்கரை ஜோர்டானின் ஆளுகையிலும் சென்றன.

போர்நிறுத்தம் என்பது அமைதிக்கான முதற்படியே என்பதைப் பஞ்ச் நன்கு அறிந்திருந்தார். அரசியல் தீர்வு காணும் பணி வேறொரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழுவால் அதனை முடிக்க இயலவில்லை. படிக்கட்டில் முதற்படி மட்டும் கட்டப்பட்டு மற்றவை கட்டப்படாமல் நின்றன.

பரிசும் பண்பும்

தாயகம் திரும்பிய பஞ்ச்சுக்குப் பெரும் வரவேற்பு காத்திருந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் வெளியுறவுத் துறையில் உயர்பதவி ஒன்றை அளிக்க விரும்பினார். பஞ்ச் அதனை ஏற்கவில்லை. தலைநகர் வாஷிங்டனில் கறுப்பினத்தவர் உணவகங்களிலும் பள்ளிகளிலும் ஒதுக்கிவைக்கப்பட்ட காலம் அது. அத்தகைய நகரில் தம் பிள்ளைகளை மீண்டும் வளர்க்க அவர் விரும்பவில்லை.

1950ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஐ.நா. அவையின் பணியாளர் அமைதிக்காக உழைப்பது கடமை. அதற்குப் பரிசு எதற்கு என்று எண்ணி அதனை மறுக்கவே அவர் முதலில் முனைந்தார். அவையின் பொதுச்செயலாளர் வலியுறுத்திய பின்னரே ஏற்றுக்கொண்டார்.

1956ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாயை முன்னிட்டு மீண்டும் போர் மூண்டபோது, ஐ.நா. அவசரப் படையை அமைக்கும் பொறுப்பைப் பஞ்ச் ஏற்றார். பத்து நாடுகளின் வீரர்கள் அப்படையில் இடம்பெற்றனர். இந்திய வீரர்களும் காசாப் பகுதியில் காவல் புரிந்தனர், பி. எஸ். ஜியானி, இந்தர்ஜித் ரிக்யே ஆகிய இந்தியத் தளபதிகள் அப்படைக்குத் தலைமை தாங்கினர். தாக்குவதற்காக அன்றிப் பகைவர்களுக்கு இடையே நிற்பதற்காக அனுப்பப்பட்ட படை அது. இன்று உலகெங்கும் நீலத் தலைக்கவசம் அணிந்து பணிபுரியும் அமைதிப்படையினருக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

உலகில் அமைதி தேடியவர் தம் நாட்டில் நிலவிய அநீதியைக் கண்டும் வாளாவிருக்கவில்லை. 1965ஆம் ஆண்டில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் நடத்திய பேரணியில், உடல்நலம் குன்றிய நிலையிலும், முன்வரிசையில் நடந்தார்.

இறுதிக் காலம்

1967ஆம் ஆண்டில் எகிப்தின் வேண்டுகோளால் அவசரப்படை விலக்கிக்கொள்ளப்பட்டது. சில நாள்களில் போர் வெடித்தது. பதினெட்டு ஆண்டுகள் நிலைத்த பச்சைக்கோட்டை இஸ்ரேல் படைகள் கடந்து, காசாவையும் மேற்குக்கரையையும் கைப்பற்றின. தாம் அரும்பாடுபட்டுக் கட்டிய அமைப்பு சரிவதைப் பஞ்ச் தம் கண்முன்னே கண்டார். அப்போது நீரிழிவு நோயால் அவரது பார்வையும் மங்கிவந்தது. ஆயினும் இயன்றவரை பணியைத் தொடர்ந்தார். 1971 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரில் இயற்கை எய்தினார்.

பஞ்ச் தீர்க்காமல் விட்ட சிக்கல் இன்றும் தீரவில்லை. அதனால் அவர் உழைப்பு வீணாயிற்று என்று கூறுதல் பொருந்தாது. துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த ஒவ்வொரு நாளிலும் இருபுறமும் உயிர்கள் காக்கப்பட்டன. பகைவரும் ஒரே மேசையில் அமர இயலும் என்பதை ரோட்ஸ் தீவு மெய்ப்பித்தது. அம்மேசையில் இடம்பெறாத மக்களின் துயரத்தையும் தீர்க்கும் நாளிலேயே அமைதி முழுமையுறும் என்பதையும் அவ்வரலாறு உணர்த்துகிறது.

பயிற்சி

அ. பொருள் அறிந்து சொற்றொடரில் அமைத்து எழுதுக.

1. சமரசம் – இரு தரப்பினரிடையே இணக்கம் காணல்
2. முற்றுகை – படையால் சூழ்ந்து வளைத்தல்
3. ஏதிலிகள் – புகலிடமின்றி வெளியேறிய மக்கள்
4. வரைவு – இறுதி செய்யப்படாத எழுத்துப்படி
5. வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் இருத்தல்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பஞ்ச்சின் மேற்படிப்புக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் எவ்வாறு உதவினர்?
2. 1947ஆம் ஆண்டுக் குழுவில் இந்தியா பரிந்துரைத்த திட்டம் யாது?
3. ஃபலூஜா சிக்கலில் இரு தரப்பினரின் நிலைப்பாடுகள் யாவை?

இ. விரிவான விடை எழுதுக.

1. ரோட்ஸ் தீவில் பஞ்ச் கையாண்ட அணுகுமுறையை விளக்குக.
2. போர்நிறுத்தத்திற்கும் முழுமையான அமைதிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின் வழி நின்று எழுதுக.

ஈ. செயல்பாடு

வகுப்பில் இரு மாணவர்களுக்கிடையே எழும் ஒரு பிணக்கைக் கற்பனை செய்துகொள்க. நடுநின்று அதனைத் தீர்க்க முதலில் எந்தச் சிறு செய்தியில் இருவரையும் இணங்கச் செய்யலாம் என்பதைக் குழுவாகக் கலந்துரையாடி எழுதுக.